முதுமை என்பது நோயின் பெயரன்று

‘ராவிலே’ என்று ஒரு சொல் உண்டு. தமிழர் காதில் அது விழுந்தால் இரவுப் பொழுது என்று பொருள்படும். பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் மலையாளம் பேசும் மக்களின் வாயிலிருந்து அதே ஒலி எழுந்தால் காலைப் பொழுது என்று பொருள்படும். ஒரே ஒலி, ஒன்றுக்கொன்று எதிரான இரு வேளைகளைக் குறிக்கின்றது. கதை பேசும்போது இது நகைப்புக்கு இடமாகலாம்; மருந்து உண்ணும்போது ஆகாது.

சில ஆண்டுகளுக்கு முன் பாறசாலைக்கு அருகே நம் உறவினர் இல்லமொன்றில் நிகழ்ந்ததைக் கூறுவோம். திருநெல்வேலிச் சீமையிலேயே வாழ்நாளைக் கழித்த, எழுபது வயது கடந்த மூதாட்டியார் ஒருவர், கணவர் காலமான பின்னர் மகள் வீட்டிற்கு வந்து தங்கினார். அவருக்கு நீரிழிவு உண்டு. டாக்டர் பரிசோதித்து, மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்து, “ராவிலே, ஆகாரத்துக்கு முன்பு” என்று அன்போடு விளக்கினார். அம்மையாரும் அவ்வாறே செய்தார்; ஆனால் தம் தமிழின்படி செய்தார். இரவில் மாத்திரையை விழுங்கி, இரண்டு கரண்டி கஞ்சி மட்டும் குடித்துவிட்டுப் படுத்தார். மூன்றாம் நாள் விடியற்காலையில் அவருக்கு உடல் முழுதும் வியர்த்தது, கைகால்கள் நடுங்கின, பெற்ற மகளையே அடையாளம் தெரியாமல் ஏதேதோ பேசலானார். வீட்டார் முதலில் சொன்னது என்ன? “அம்மைக்கு வயதாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது” என்பதுதான். விவரம் அறிந்த அண்டை வீட்டார் ஒருவர் ஓடி வந்து, இது சர்க்கரை தாழ்ந்ததன் விளைவு என்று உணர்ந்தார். அம்மையார் விழுங்கக்கூடிய நிலையில் இருப்பதைக் கண்டு, சர்க்கரை கரைத்த நீரைப் புகட்டினார். கால் மணி நேரத்தில் அவர் தெளிந்தார்.

டாக்டர் தவறவில்லை, அம்மையாரும் தவறவில்லை. இடையில் நின்ற சொல்தான் தவறியது. ஆயினும் அதனினும் பெரிய ஆபத்து, ‘வயதாகிவிட்டது’ என்ற மற்றொரு சொல்லில் இருந்தது. அந்தச் சொல்லோடு வீட்டார் அமைதி அடைந்திருந்தால் அம்மையார் அன்றே மாண்டிருப்பார். முதியோரின் பிணிகளைப் பற்றிப் பேசப் புகும்போது நாம் வற்புறுத்த விரும்புவது இது ஒன்றே: முதுமை என்பது நோயின் பெயரன்று. முதுமையின் மறைவில் நிற்கும் நோய்க்குத் தனிப்பெயர் உண்டு. பெயர் தெரிந்தால் பெரும்பாலும் வழியும் உண்டு.

இந்த எல்லைப்புறத்தைச் சற்று நினைத்துப் பார்ப்போம். 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது, பழைய திருவிதாங்கூரின் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே கோடு விழுந்ததேயன்றி, மக்களின் கொள்வினை கொடுப்பினைக்கு இடையே கோடு விழவில்லை. இன்றும் பெண் எடுப்பது ஒரு பக்கம், சந்தைக்குப் போவது மறுபக்கம். பாலராமவர்ம மன்னரின் பெயர் தாங்கிய பாலராமபுரத்தில், அவர் காலத்தில் தென்தமிழ் நாட்டிலிருந்து அழைத்துக் குடியேற்றப்பட்ட சாலியர் மரபினர் தலைமுறை தலைமுறையாகத் தறி நெய்து வந்திருக்கின்றனர். பூவாறு, பொழியூர்க் கரைகளில் மீனவரும், உட்பகுதியில் பனையேறியும் வயல் உழுதும் ரப்பர் வெட்டியும் வாழ்ந்தவருமாகப் பலர் இன்று முதுமை அடைந்துள்ளனர்.

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்திய மக்களில் நூற்றுக்கு 8.6 பேர் அறுபது வயதை எட்டியவர்கள். தமிழ்நாட்டில் அது 10.4, கேரளத்தில் 12.6. பிள்ளைகள் பலர் நகரங்களிலும் வளைகுடா நாடுகளிலும் தொழில் செய்ய, வீட்டில் எஞ்சுவோர் முதியோரே. நோய் கண்டால் அதனை உற்றுப் பார்க்க அருகில் ஆளில்லாத வீடுகள் பெருகிவிட்டன. ஆகவே முதியவர் தாமே தம் உடலின் மொழியைப் புரிந்துகொள்ள வேண்டியது அவசியமாகிறது.

முதலில், ஓசையின்றி வரும் இரு நோய்களைக் கூறுவோம். ஒன்று இரத்த அழுத்தம், மற்றொன்று நீரிழிவு. வயது ஏற ஏற இரத்தக் குழாய்கள் தம் நெகிழ்ச்சியை இழந்து விறைக்கின்றன. விறைத்த குழாயினுள் இரத்தத்தைத் தள்ள இதயம் மிகுந்த விசை செலுத்த வேண்டியிருக்கிறது, அழுத்தம் உயர்கிறது. வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140க்கு 90 என்ற அளவையோ அதற்கு மேலோ காட்டினால், அது இரத்த அழுத்த நோயே. தலைவலியோ மயக்கமோ இல்லாமலும் அது இருக்கும். பலருக்கு அப்படித்தான் இருக்கிறது. ‘எனக்கு ஒன்றும் செய்யவில்லையே’ என்று மாத்திரையை நிறுத்துவோர் இதனை மறக்கலாகாது. நீரிழிவும் அவ்வாறே. வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் என்று மறு பரிசோதனையிலும் தெரிந்தால் நீரிழிவு என்று கொள்வர். பாதத்தில் மரமரப்பு, ஆறாத புண், இரவில் அடிக்கடி எழுந்து சிறுநீர் கழித்தல், பார்வை மங்கல் ஆகியன அது தாமதமாக அனுப்பும் ஓலைகள்.

இவ்விரண்டோடும் நம் உணவு தொடர்புடையது. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, மக்கள் பசி தீர மரச்சீனிப் பயிரைப் பரப்பினார். பஞ்ச காலங்களில் அந்தக் கிழங்கு எத்தனையோ குடும்பங்களைக் காத்தது. அந்த நன்றியை நாம் மறக்கவில்லை. ஆனால் மரச்சீனி பெரும்பாலும் மாவுச்சத்தே. புரதம் அதில் மிகக் குறைவு. பாறை சுமந்தும் பனை ஏறியும் உழைத்த உடல் அந்த மாவைச் செலவிட்டது. திண்ணையில் அமர்ந்துவிட்ட உடலில் அதுவே சர்க்கரையாகத் தேங்குகிறது. கிழங்கின் அளவைக் குறைத்து, அதனோடு உண்ணும் மீனையும் பயறையும் கீரையையும் கூட்டிக்கொள்வது நன்று. கருவாட்டையும் ஊறுகாயையும் குறைக்க வேண்டும். நாளொன்றுக்கு ஒருவருக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது ஒரு தேக்கரண்டி அளவுகூட இல்லை.

அழுத்தத்தைக் கவனியாது விட்டால் நேரும் பெருங்கேடு பக்கவாதம். மூளைக்குச் செல்லும் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ அது வருகிறது. திடீரென வாய் ஒரு பக்கம் கோணினாலும், ஒரு கை தூக்க முடியாமல் தொய்ந்தாலும், பேச்சுக் குழறினாலும் ஒரு நிமிடமும் காத்திராது பெரிய மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்தை நோய் தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்தினால்தான் பயன் உண்டு. பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். அங்கே அரசு மருத்துவக் கல்லூரியும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் உள்ளன. தூரம் அதிகமன்று. ‘காலை வரை பார்ப்போம்’ என்ற தயக்கமே நேரத்தை உண்டுவிடுகிறது.

அடுத்து, முதியோர் அனைவரும் வாய்விட்டுச் சொல்லும் நோய் மூட்டுவலி. எலும்பும் எலும்பும் உரசாமல் இடையே மெத்தைபோல் அமைந்த குருத்தெலும்பு தேய்வதே பெரும்பாலும் இதன் காரணம். பனையேறியின் முழங்காலும், குழித்தறியில் பல்லாண்டு மிதித்த நெசவாளரின் முழங்காலும் இதற்கு எளிதில் இரையாகின்றன. ஆயினும் வலி இருக்கிறதென்று அசையாமல் கிடப்பது வலியை வளர்க்கும். தொடைத் தசைகள் வலுத்தால் மூட்டின் சுமை குறையும். நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டி, பத்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்கும் சிறு பயிற்சியே பெரும் உதவி செய்யும். கடையில் தாமே வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகள் வயிற்றில் புண் உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், இரத்த அழுத்தத்தையும் உயர்த்தும். டாக்டரின் யோசனையின்றி அவற்றைத் தொடர்ந்து உண்ணலாகாது.

மேற்பூச்சுத் தைலங்கள் ஓரளவு இதம் தருபவை. அவற்றுள் சிலவற்றை மலையாளத்தில் ‘குழம்பு’ என்பர். தமிழர்க்குக் குழம்பு என்றால் சோற்றில் பிசைந்து உண்பது. புதிதாக வந்த முதியவரிடம் ‘குழம்பு’ப் புட்டியைக் கொடுக்கும்போது, ‘இது தேய்த்துக்கொள்வதற்கு’ என்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிக் கொடுங்கள்.

மழைக்காலத்தில் பாசி படிந்த படிக்கட்டுகளில் விழுந்து இடுப்பு முறிவோர் பலர். தசைப்பிடிப்புக்கும் சுளுக்குக்கும் வர்ம ஆசான்களை நாடுவது இந்த நாட்டின் பழைய வழக்கம். ஆனால் கீழே விழுந்த முதியவர் எழுந்து நிற்க முடியாமல், ஒரு கால் குறுகித் திரும்பிக் கிடந்தால், அது இடுப்பெலும்பு முறிவாக இருக்கலாம். தடவுவதும் கட்டுவதும் அங்கே உதவா. எக்ஸ்ரே எடுத்து, விரைவில் அறுவை செய்து நடக்கவைப்பதே உயிரைக் காக்கும். படுக்கையில் கிடந்தால் நுரையீரலில் சளி சேர்வதும் படுக்கைப்புண்ணும் பின்தொடரும்.

விழுவதற்குக் கண்ணும் ஒரு காரணம். கண்ணின் வில்லை பனிபடிந்த கண்ணாடிபோல் மங்குவது கண்புரை. நூலின் இழையைப் பிரித்தறிய முடியாமல் தறியை விட்டெழுந்த நெசவாளர் ஒருவர், ‘என் காலம் முடிந்தது’ என்று எண்ணிவிடுகிறார். முடிந்தது வில்லையின் காலமே. அதனை நீக்கிச் செயற்கை வில்லை வைக்கும் சிகிச்சை அரை மணி நேரத்துக்குள் முடிவதாகும். அரசு மருத்துவமனைகளிலும் செய்யப்படுகிறது. ஆனால் நீரிழிவாலும் கண்நீர் அழுத்தத்தாலும் போன பார்வை திரும்புவது அரிது. ஆகவே மங்கல் எதனால் என்பதை முன்னதாகவே அறிய வேண்டும்.

மூச்சைப் பற்றிச் சொல்லும்போது மீண்டும் ஒரு சொற்குழப்பத்தைக் குறிப்பிட வேண்டும். இளைப்பு நோயை மலையாளத்தில் ‘வலிவு’ என்பர். தமிழில் வலிவு என்பது பலம். “வலிவு உண்டோ?” என்று டாக்டர் வினவ, “வலிவு ஏது ஐயா, எல்லாம் போய்விட்டது” என்று தமிழ் முதியவர் விடை சொன்னால், நோய் இல்லை என்று குறித்துக்கொள்ள இடமுண்டு. விறகடுப்பின் புகையை நாற்பது ஐம்பது ஆண்டுகள் சுவாசித்த பெண்டிருக்கும் பீடி பழகிய ஆடவருக்கும் நுரையீரல் குழாய்கள் சுருங்கி இந்த இளைப்பு வருகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோயா என்று சளியைச் சோதிக்க வேண்டும். அதற்குச் சிகிச்சை இலவசம்.

அதுபோலவே ‘பனி’ என்பது தமிழில் மார்கழிக் குளிர், மலையாளத்தில் காய்ச்சல். சேற்றிலும் வாய்க்காலிலும் வெறுங்காலோடு இறங்கியவர்க்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்து வந்தால், எலிக்காய்ச்சலோ என்று ஐயுற வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து, காலின் சிறு கீறல் வழியே கிருமி புகுகிறது. தொடக்கத்தில் எளிய மருந்தால் தீரும். தாமதித்தால் சிறுநீரகத்தையும் ஈரலையும் தாக்கும். மற்றொன்றும் நினைவிருக்கட்டும். முதியவருக்குக் கிருமித் தொற்று வந்தால் சில வேளை உடல் சுடுவதே இல்லை; நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று குழம்பிப் பேசுவதே அதன் முதல் அடையாளமாக இருக்கும். மாரடைப்பும் நெஞ்சுவலியின்றி, வெறும் களைப்பாகவும் மூச்சு முட்டலாகவும் வருவதுண்டு. நீரிழிவு உள்ளவர்களிடம் இது மிகுதி. ‘வயதின் தளர்ச்சி’ என்று இவற்றை ஒதுக்கலாகாது.

இனி, இந்த மண்ணோடு நெடுநாள் தொடர்புள்ள ஒரு நோயைச் சொல்வோம். எல்லைக்கு அப்பால், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில், 1838ஆம் ஆண்டில் லண்டன் மிஷன் சங்கத்தின் மருத்துவப் பணி தொடங்கியது. அங்கே பணியாற்றிய டாக்டர் பெண்டால், தென்திருவிதாங்கூரில் கண்ட ஏறத்தாழ 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி 1908இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். அதே நெய்யூரின் டாக்டர் ஓர், தாம்பூலம் தரிப்போரின் வாய்ப்புற்றைப் பற்றி 1933இல் லான்செட் இதழில் விரிவாக எழுதினார். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு இவற்றோடு புகையிலையையும் கன்னத்தில் அடக்கி வைக்கும் பழக்கத்தால் விளையும் கேட்டை உலகம் ஆராய்ந்தபோது, நம் தாத்தா பாட்டிமாரின் வாயே பாடநூலாக இருந்தது என்றால் மிகையன்று. புகையிலை சேராத பாக்கும் புற்றை விளைவிக்க வல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட நூலில் அறிவித்தது.

இதில் நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. திருவனந்தபுரத்து மண்டலப் புற்றுநோய் மையத்தினர், 1996 முதல் மாவட்டத்தின் 13 ஊராட்சிப் பகுதிகளை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டனர். அவற்றுள் ஒரு பாதியில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, முப்பத்தைந்து வயது கடந்தோரின் வாயை வெளிச்சத்தில் பார்த்தனர். வேறு கருவி ஏதும் இல்லை. புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே, அவ்வாறு பார்க்கப்பட்ட பகுதிகளில் வாய்ப்புற்றால் நேரும் மரணம் நூற்றுக்கு 34 பங்கு குறைந்தது என்று 2005இல் வெளியான முடிவு கூறுகிறது. ஆகவே தாம்பூலம் தரிக்கும் முதியவர் மாதம் ஒருமுறை கண்ணாடி முன் வாயைத் திறந்து பார்க்கட்டும். வெண்படலம், செம்படலம், மூன்று வாரத்தில் ஆறாத புண், வாய் முழுதும் திறவாமை இவற்றுள் எது தென்பட்டாலும் டாக்டரிடம் செல்லட்டும்.

உடலைப் பற்றி இவ்வளவு சொன்னோம். மனத்தின் நோயை வீட்டார் அறிவது இன்னும் கடினம். துணையை இழந்த முதியவர் உண்ண மறுப்பதும் உறங்காததும் பேச்சைக் குறைப்பதும் மனச்சோர்வாக இருக்கலாம்; அது மருந்துக்கும் அன்புக்கும் வசப்படும். வந்த வழியை மறப்பதும், பழகிய சமையலில் படிமுறை தவறுவதும் மறதி நோயின் தொடக்கமாகலாம். பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவி, தாய்மொழி மட்டும் நிற்பதும் சிலரிடம் காணப்படுகிறது. எல்லைப்புறத்து வீடுகளில், ‘பாட்டி திடீரென்று மலையாளத்தை மறந்துவிட்டாள்’ என்று சிரித்து விட்டுவிடாமல், அதனையும் ஓர் அறிகுறியாகக் கொள்ள வேண்டும்.

உதவிக்கு எங்கே செல்வது? ஊராட்சி தோறும் குடும்ப ஆரோக்கிய நிலையங்களோ ஆரம்ப சுகாதார நிலையங்களோ உள்ளன. பாறசாலையில் தாலுக்கா தலைமை மருத்துவமனையும் நெய்யாற்றின்கரையில் அரசுப் பொது மருத்துவமனையும் உண்டு. படுக்கையில் கிடப்போரை வீட்டிற்கே வந்து பார்க்கும் வலிதணிப்புப் பணிக்கென இந்திய மாநிலங்களுள் முதலாவதாகக் கேரளம் 2008இல் ஒரு கொள்கையை வகுத்தது. உள்ளாட்சிகளின் பொறுப்பில் செவிலியர் வீடு தேடி வருகின்றனர். எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீட்டு வாசலில் மருந்து தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கப்பட்டது.

இரு பக்கமும் உறவுள்ளவர்கள் இரு பக்கமும் மருந்து வாங்குவதுண்டு. அங்கேதான் எச்சரிக்கை தேவை. ஒரே மருந்து இருவேறு கம்பெனிப் பெயர்களில் வரும். இரண்டையும் உண்டால் அளவு இரட்டிப்பாகும். எனவே டாக்டரிடம் செல்லும்போது, வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையிலிட்டு எடுத்துச் செல்லுங்கள். எந்தெந்த வேளைக்கு எது என்பதைச் சொல்லால் மட்டும் கேட்டுக்கொள்ளாமல், ‘காலைக் கஞ்சிக்கு முன்பா, இராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின்பா’ என்று உணவோடு இணைத்துக் கேளுங்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். முதியவர் தம் நோயைத் தம் தாய்மொழியிலேயே சொல்லட்டும். இரு மொழியும் அறிந்த ஒருவர் உடன் சென்று எடுத்துரைக்கட்டும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம், கோப்புகளில் ஒரு சொல் பிழைத்தால் திருத்தோலை அனுப்பிச் சரிசெய்து விடுகிறோம். மருந்துச் சீட்டில் பிழைத்த சொல்லுக்குத் திருத்தோலை கிடையாது.

முதலில் சொன்ன மூதாட்டியார் நலமாக இருக்கிறார். அவருடைய பேரன் மருந்துப் பெட்டியின் ஒரு புறத்தில் கதிரவனையும் மறுபுறத்தில் பிறைநிலவையும் மையால் வரைந்து வைத்திருக்கிறான். அம்மையாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் அன்று முதல் ஒரு வேளையும் தவறவில்லை. நேயர்கள் இன்றே தங்கள் வீட்டு முதியவரின் மருந்துப் பெட்டியைத் திறந்து, எது எந்த வேளைக்கு என்று அவரிடமே கேட்டுப் பார்க்கும்படி வேண்டுகிறோம்.